ஷூ கம்பெனியில் ஆட்டோமேஷன்: எந்த மெஷின் உண்மையிலேயே பசுமை?

ஆம்பூர் பக்கம் ஒரு நடுத்தர ஷூ கம்பெனியைக் கவனித்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "பையர்கள் (எங்களிடம் ஷூ வாங்கும் கம்பெனிகள்) எல்லாரும் இப்போது சஸ்டைனபிலிட்டி பற்றிக் கேட்கிறார்கள். மெஷின் விற்க வருபவர்களோ, ஆட்டோமேஷன் போட்டால் எல்லாம் பசுமையாகிவிடும் என்கிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? நாங்கள் முதலில் எதில் கை வைக்கலாம்?"

பாதி உண்மை. ஓர் ஆள் செய்த வேலையை அப்படியே எடுத்து வேகமாகச் செய்யும் மெஷினால் சுற்றுச்சூழலுக்குப் பெரிய நன்மை கிடையாது. கரண்ட் பில்தான் ஏறும். ஒரு வேலையையே தேவையில்லாமல் ஆக்கிவிடும் மெஷின் இருக்கிறதே, அதுதான் கணக்கை மாற்றும். காட்டலாக் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், இது எந்த ரகம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

கேடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அப்படிப் பிரிக்க முடியும். 2013இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், சீனாவில் தயாராகும் ஓர் ஓட்ட ஷூவை எடுத்துக்கொண்டு மூலப்பொருளில் தொடங்கிக் குப்பைக்குப் போகும்வரை கணக்குப் பார்த்தார்கள். 65 பாகங்கள், 360க்கும் மேற்பட்ட செய்முறைகள். ஒரு ஜோடிக்கு வெளியாவது சுமார் 14 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுக்கள். அதில் 68 சதவீதம் தொழிற்சாலையில் நடக்கும் உற்பத்தியில் வருகிறது. மூலப்பொருளின் பங்கு 29 சதவீதம். கப்பலில் ஏற்றுவது, அணிவது, கடைசியில் எறிவது எல்லாம் சேர்ந்து மீதி 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

பேட்டரியோ மோட்டாரோ இல்லாத ஒரு சாதாரணப் பொருளுக்கு உற்பத்திப் பங்கு இவ்வளவு பெரிதாக இருப்பது அபூர்வம். ஒரு டி-ஷர்ட்டில் இருப்பது நாலைந்து துண்டுகள். ஷூவிலோ அறுபது துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனி வெட்டு, தனித் தையல், தனி அச்சு, தனிச் சூடு. அந்தச் சூடும் மின்சாரமும் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வந்தன. அதாவது, பாகங்களின் எண்ணிக்கையையும் சூடாக்கும் தடவைகளையும் குறைத்தால் இந்த 68 சதவீதம் இறங்கும். (இந்தக் கணக்கு செயற்கைப் பொருளில் செய்த ஷூவுக்கானது. தோல் ஷூவின் கதை வேறு, கீழே வருகிறேன்.)

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அடிடாஸின் ஸ்பீட்ஃபேக்டரியைப் பார்க்கலாம். ஷூ ஆட்டோமேஷன் என்றாலே எல்லாரும் இழுத்து வரும் உதாரணம் அது. ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கில் ஒன்று, அமெரிக்காவில் அட்லாண்டா அருகே ஒன்று. ரோபோ, கம்ப்யூட்டர் பின்னல், குறைந்த ஆள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு 5 லட்சம் ஜோடி இலக்கு. வாங்குபவர் இருக்கும் ஊரிலேயே செய்தால் கப்பல் பயணம் மிச்சம், அதனால் பூமிக்கு நல்லது என்று சொன்னார்கள். 2019 நவம்பரில் இரண்டையும் மூடப்போவதாக அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை ஆசியாவில் உள்ள சப்ளையர்களிடம் பயன்படுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு ஃபேக்டரிகளிலும் செய்ய முடிந்தவை பெரும்பாலும் பின்னிய அப்பர் (ஷூவின் மேல்பகுதி) கொண்ட ஓட்ட ஷூக்கள்தான். ரப்பர் சோல் வைத்த தோல் ஷூவுக்கு ஒட்டும் முறையே வேறு, அதை அந்த லைனில் ஓட்ட முடியவில்லை. அடிடாஸ் அப்போது ஆண்டுக்கு 40 கோடி ஜோடிக்கு மேல் தயாரித்த கம்பெனி. அதற்கு நடுவில் 10 லட்சம் எந்த மூலைக்கு?

என் கருத்தில், கப்பல் பயண வாதமே முதலிலிருந்து பலவீனமானது. கன்டெய்னரில் கடல்வழி போகும் ஒரு ஜோடி ஷூவின் போக்குவரத்துப் பங்கு மிகச் சிறியது. நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் லைனை அப்படியே ஐரோப்பாவுக்குத் தூக்கிப்போவதைவிட, இருக்கிற இடத்திலேயே மின்சாரத்தின் மூலத்தை மாற்றினால் கிடைக்கும் லாபம் பல மடங்கு. சீசன் தவறிவிடக் கூடாது என்று விமானத்தில் அனுப்புகிறார்களே, அதை நிறுத்தினால் அது வேறு விஷயம், உண்மையான லாபம்.

சரி, எந்த மெஷின் வேலை செய்கிறது?

கட்டிங்கிலிருந்து பார்ப்போம். டை (துண்டின் வடிவத்தில் செய்த இரும்புக் கத்தி) வைத்து கிளிக்கிங் பிரஸ் என்ற வெட்டு மெஷினில் அடிக்கும்போது ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அடிக்க முடியும். துணி ரோல், ஷீட் என்றால் ஓரமும் மூலையும் வீண். தோல் இன்னும் சிக்கல்: ஒரு தோல் போல இன்னொன்று இருக்காது. முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, வயிற்றுப் பக்கத்துத் தளர்ச்சி எல்லாவற்றையும் தவிர்த்து, ஷூவின் முன்பக்கத்துக்கு நல்ல இடம், உள்ளே மறைபவற்றுக்குச் சுமாரான இடம் என்று பொறுக்க வேண்டும். மிச்சத் துணியில் பிளவுஸ் வெட்டும் தையல்காரர் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் போட்டு அழிப்பாரே, அதே புத்திதான். தேர்ந்த கட்டர் இதைக் கண்ணாலேயே செய்துவிடுவார், ஆனால் எட்டு மணி நேரமும் ஒரே கவனத்தோடு செய்ய யாராலும் முடியாது.

இப்போதுள்ள, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி கட்டிங் டேபிளில் மேலே கேமரா இருக்கும். ஆள் பழுதுகளைக் குறித்துக் காட்டுவார், அல்லது கேமராவே கண்டுபிடிக்கும். நெஸ்டிங் சாஃப்ட்வேர் பல சைஸ்களின் துண்டுகளைக் கலந்து, திருப்பித் திருப்பி அடுக்கிப் பார்க்கும். அதிரும் கத்தி வெட்டும். டை தேவையில்லை. துண்டுகளுக்கு நடுவே விட்ட இடம் குறைகிறது. மிச்சமாவது சில சதவீதம்தான். 'அவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் ஒரு தோல் ஷூவின் தயாரிப்புச் செலவில் பெரும்பங்கும் சுற்றுச்சூழல் கேட்டில் பெரும்பங்கும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. ஒரு சதுர அடி தோல் மிச்சம் என்றால் அதன் பின்னால் இருக்கிற தண்ணீர், குரோமியம், கழிவுச் சேறு, மாட்டுத் தீவனம் எல்லாமே மிச்சம். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் துண்டுகளை எரித்தாலும் சிக்கல், புதைத்தாலும் சிக்கல் என்பது உங்கள் ஊருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஷூ கம்பெனியில் ஆட்டோமேஷனுக்குச் செலவிட்ட பணம் வேகமாகத் திரும்பி வருவதும், மண்ணுக்கு நன்மை நேராகத் தெரிவதும் இந்த டேபிளில்தான் என்பது என் கருத்து.

அப்புறம், வெட்டவே வேண்டாம் என்கிற வழி. 2012இல் நைக்கி ஃப்ளைநிட்டையும் அடிடாஸ் பிரைம்நிட்டையும் கொண்டுவந்தார்கள். ஸ்வெட்டர் பின்னும் வகை கம்ப்யூட்டர் மெஷினில் அப்பர் முழுவதையும் ஒரே துண்டாக, வேண்டிய வடிவத்திலேயே பின்னி எடுப்பது. இறுக்கம் வேண்டிய இடத்தில் இறுக்கம், காற்று போக வேண்டிய இடத்தில் ஓட்டை; இடையில் கத்தி கிடையாது. வெட்டித் தைக்கும் முறையைவிடக் கழிவு சராசரியாக 60 சதவீதம் குறைவு என்று நைக்கி சொன்னது. கம்பெனி தன் பொருளைப் பற்றித் தானே சொல்லும் எண் என்பதை மறக்காமல் வாசிக்க வேண்டும். ஆனாலும், வெட்டாத இடத்தில் வெட்டுக் கழிவு எப்படி வரும்?

அதற்கும் ஒரு படி மேலே போனது சுவிட்சர்லாந்தின் ஆன் கம்பெனி. ஒரு ரோபோ கை, லாஸ்ட்டை (கால் வடிவ அச்சு) திருப்பித் திருப்பிக் காட்ட, நாசில் வழியாக ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீள இழையை அதன்மேல் தெளிக்கிறது. மூன்று நிமிடத்தில் அப்பர் தயார். தையல் இல்லை, லேஸ் இல்லை, லாஸ்டிங் என்ற வேலையே இல்லை. 2024 பாஸ்டன் மாரத்தானில் கென்யாவின் ஹெலன் ஓபிரி ஜெயித்தபோது காலில் இருந்தது இந்த வகை ஷூ. தங்கள் மற்றப் பந்தய ஷூக்களின் அப்பரோடு ஒப்பிட்டால் கார்பன் 75 சதவீதம் குறைவு என்கிறது கம்பெனி. இது அப்பருக்கு மட்டும். சோல் அப்படியே இருக்கிறது.

லாஸ்டிங் என்றதும் ஒரு பழைய கதை. லாஸ்ட்டின் மேல் அப்பரை இழுத்து மடித்துப் பொருத்துவது ரொம்ப நாளாகக் கையால் மட்டுமே முடிந்த வேலை. சூரினாமில் பிறந்து அமெரிக்காவின் லின் நகர ஷூ ஃபேக்டரியில் வேலை பார்த்த ஜான் மாட்செலிகர் என்பவர்தான் 1883இல் அதற்கு மெஷின் கண்டுபிடித்துப் பேட்டன்ட் வாங்கினார். கையால் ஒரு நாளைக்கு ஐம்பது ஜோடி என்றிருந்தது பல மடங்கானது, ஷூ விலை இறங்கியது, உற்பத்தி ஏறியது. மெஷினால் ஒரு ஜோடிக்கான செலவு குறையும்போது மொத்த ஜோடிகள் கூடிவிடும் என்பதை இந்தத் தொழில் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. இன்று உலகம் ஆண்டுக்கு 2,200 கோடி ஜோடிக்கு மேல் செய்கிறது. ஒரு ஜோடிக்குக் கார்பன் பத்து சதவீதம் குறைத்துவிட்டு ஜோடிகளை இருபது சதவீதம் கூட்டினால் பூமிக்கு நட்டம்தான்.

இப்போது பசைக்கு வருவோம். கட்டிங்குக்கு அடுத்தபடியாக நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சோல் ஒட்டும் லைனை நினைத்துப் பாருங்கள்: அப்பரின் அடியை உரசுகிறோம், பிரைமர் (பசை பிடிக்க உதவும் முதல் பூச்சு) பூசுகிறோம், ஓவன், பசை பூசுகிறோம், மறுபடி ஓவன், பிரஸ், பிறகு சில்லர். ஒவ்வொரு பூச்சுக்கும் ஓர் ஓவன், ஒவ்வொரு ஓவனும் நாள் முழுக்க எரிகிறது, உள்ளே ஷூ இருந்தாலும் இல்லாவிட்டாலும். டொலுயீன் போன்ற கரைப்பான்கள் கலந்த பசை என்றால் அந்த ஆவி பிரஷ் பிடித்து நிற்பவரின் மூக்குக்கும், மிச்சம் ஊர்க் காற்றுக்கும் போகிறது.

தண்ணீர் கலந்த பாலியூரித்தேன் பசை வந்து எத்தனையோ வருடமாகிறது. பெரிய பிராண்டுகள் 1990களிலேயே மாறத் தொடங்கிவிட்டன. சின்னக் கம்பெனிகள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது: பூச்சின் கனம், காயும் சூடு, நேரம் மூன்றும் சரியாக அமையாவிட்டால் சோல் வாய் பிளந்துவிடும். கரைப்பான் பசை தப்பை மன்னிக்கும், தண்ணீர்ப் பசை மன்னிக்காது. ரோபோ இங்கே பயன்படுகிறது. ஒவ்வொரு ஷூவின் விளிம்பையும் ஸ்கேன் செய்து, அதே பாதையில், அதே கனத்தில் தெளிக்கும். பசை வழியாது, விளிம்பைத் துடைக்க மறுபடி கரைப்பான் தேவைப்படாது, ஒட்டு விட்டுத் திரும்பிவரும் ஜோடிகள் குறையும். பிரைமருக்குப் பதிலாக பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) கொண்டு மேற்பரப்பைத் தயார்செய்யும் முறையும் உண்டு. அது சரிப்படும் பொருள்களில் ஒரு பூச்சும் ஓர் ஓவனும் லைனிலிருந்தே போய்விடும். நான் முதலில் சொன்ன, வேலையையே இல்லாமல் ஆக்கும் மெஷினுக்கு இது நல்ல உதாரணம்.

பசையே வேண்டாம் என்றால் நேரடி இன்ஜெக்‌ஷன். ஜெர்மனியின் டெஸ்மா மாதிரியான கம்பெனிகளின் சுழலும் மெஷின்களில், அப்பரின் அடியை ரோபோ உரசிவிடும், அப்பர் அச்சுக்குள் இறங்கும், பாலியூரித்தேன் உள்ளே பாய்ந்து நுரைத்துச் சோலாகி அப்பரோடு பிடித்துக்கொள்ளும். டென்மார்க்கின் எக்கோ பல பத்தாண்டுகளாக இப்படித்தான் செய்கிறது. பசை, ஓவன், பிரஸ் எல்லாம் மிச்சம். ஆனால் சோல் தேய்ந்தால் கழற்றிப் புதுச் சோல் போடுவது சிரமம். ஆயுள் முடிந்த பிறகு தோலையும் பாலியூரித்தேனையும் பிரிப்பதும் சிரமம். ஃபேக்டரிக்குள் சுத்தம், குப்பைமேட்டில் தலைவலி.

இதைவிட வேடிக்கை என்ன தெரியுமா? சோல் மாற்றி மாற்றிப் பத்து, பதினைந்து வருடம் போடக்கூடிய, சோலை ஒட்டாமல் ஒரு பட்டையோடு சேர்த்துத் தைக்கும் குட்இயர் வெல்ட் ஷூவும் மெஷினில் தைப்பதுதான். அந்த மெஷின் 1870களைச் சேர்ந்தது. ஆம்பூரிலும் வெல்ட் ஷூ செய்து ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் உண்டு. ஒரு ஷூ இரண்டு மடங்கு காலம் உழைத்தால் அதன் மொத்தக் கேடும் பாதியானதற்குச் சமம். எந்தப் புது ரோபோவும் தனியாக அவ்வளவு சாதித்ததாக நான் பார்த்ததில்லை.

சோல் விஷயத்தில் சுருக்கமாக. ஓட்ட ஷூக்களின் நடுச் சோல் பெரும்பாலும் இவிஏ நுரை. அதை ரசாயனம் போட்டு உப்பவைத்து, அச்சில் 170 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அதன் மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு ஏற்படுத்துகிறார்கள். அப்படிப் பிணைந்த நுரையை மறுபடி உருக்க முடியாது. உப்பவைக்க அதிகம் பயன்படும் அசோடைகார்பனமைடு சுவாசக் கோளாறு தரும் பொருள் என்று ஐரோப்பா 2012இலேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. அதற்குப் பதிலாக நைட்ரஜன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி நுரைக்கவைக்கும் முறை பரவி வருகிறது. அழுத்தத்தையும் சூட்டையும் நொடிக்கு நொடி கட்டுப்படுத்த வேண்டியிருப்பதால் அது ஆட்டோமேஷன் இல்லாமல் நடக்காது. டிபியு போன்ற உருகும் பிளாஸ்டிக்கில் செய்தால் மறுசுழற்சிக்கும் வழி உண்டு. 2019இல் அடிடாஸ் காட்டிய ஃபியூச்சர்கிராஃப்ட் லூப் ஷூ முழுவதும் டிபியு, பசை கிடையாது. பழையதை அரைத்து உருக்கிப் புதுசு செய்யலாம் என்பதுதான் திட்டம். பொருள் ஒன்றே என்பதால்தான் அது சாத்தியம். கழற்றிப் பிரிக்க ஆளே தேவையில்லை.

விற்காமல் கிடக்கும் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. டிசைன் முடிந்து கடைக்கு வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும் தொழிலில், எந்த நிறம் ஓடும், எந்த சைஸ் ஓடும் என்பது பெரும்பாலும் ஊகம்தான். தப்பான ஊகம் கிடங்கில் தூங்கும். விற்காத உடைகளையும் காலணிகளையும் பெரிய கம்பெனிகள் அழிப்பதற்கு 2026 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. அதனால் பையர்கள் சின்னச் சின்ன ஆர்டர்களை அடிக்கடி கொடுக்கும் பழக்கத்துக்கு மேலும் நகர்வார்கள் என்று நினைக்கிறேன். டை செய்யாமல் ஃபைலை மாற்றினாலே அடுத்த மாடல் வெட்டும் டேபிள் அங்கே கைகொடுக்கும். சாம்பிளை விமானத்தில் அனுப்பாமல் கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் காட்டி ஒப்புதல் வாங்கும் பழக்கமும் அப்படித்தான். அதில் தோலும் மிச்சம், வாரக்கணக்கில் நேரமும் மிச்சம்.

தோல் ஷூவின் கதை வேறு என்றேன் அல்லவா? அதன் கேட்டில் பெரும்பங்கு டேனரியிலும் (தோல் பதனிடும் ஆலை) அதற்கு முன்னால் மாட்டிலும் இருக்கிறது. பாலாற்றங்கரை டேனரிகளின் கழிவுநீர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றியது. ஷூ லைனில் எத்தனை ரோபோ நிறுத்தினாலும் அந்தத் தண்ணீர் தெளியப்போவதில்லை. டேனரியிலேயே வழிகள் உண்டு: சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சிஎல்ஆர்ஐ) உருவாக்கிய, குரோம் பதனிடும் படியில் தண்ணீர் சேர்க்காத முறை; எக்கோ 2018இல் அறிவித்த, தோலுக்குள்ளேயே இருக்கும் ஈரத்தைக் கொண்டு பதனிடும் முறை. நீங்கள் செய்யக்கூடியது, எந்த டேனரியிடம் வாங்குகிறீர்கள் என்பதைத் தேர்ந்தெடுப்பது.

வேலை போய்விடாதா என்ற கேள்வியை நீங்கள் எழுப்பவில்லை, ஆனால் கம்பெனிக்குள் எழும். செய்யாறு, பர்கூர், பனப்பாக்கம் என்று தமிழ்நாட்டில் தைவான் குழுமங்கள் தோல் அல்லாத ஷூவுக்குப் பெரிய ஆலைகள் போடுவதே ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குக் கிடைப்பார்கள் என்றுதான். வளைந்து நெளியும் பொருளைத் தூக்கி, சரியாகப் பிடித்து, ஊசிக்குக் கீழே தள்ளுவதில் ரோபோ இன்னும் தடுமாறுகிறது. தையல் ஹால் சீக்கிரம் காலியாகாது. முதலில் போக வேண்டியது பசை ஆவிக்கு நடுவே நிற்கும் வேலையும், உரசும் தூசிக்கு நடுவே நிற்கும் வேலையும். அவற்றைச் செய்தவர்களை கட்டிங் டேபிளுக்கும் பசை தெளிக்கும் ரோபோவுக்கும் பயிற்சி கொடுத்து மாற்றுங்கள். தோலைத் தொட்டே தரம் சொல்லும் உங்கள் பழைய கட்டரைவிட நெஸ்டிங் டேபிளில் பழுது குறிக்கத் தகுந்த ஆள் கிடைக்க மாட்டார்.

எதில் கை வைக்கலாம் என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் மெஷின் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு ஓவனுக்கும், கம்ப்ரசருக்கும், சோல் மெஷினுக்கும் தனி மீட்டர் போட்டு ஒரு மாதம் ஓட்டுவேன். சும்மா நிற்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்பது தெரிந்தால் அதிர்ச்சியாக இருக்கும். காற்றுக் குழாய்க் கசிவையும், காலி ஓவனையும் சரிசெய்யப் பெரிய முதலீடு வேண்டாம். அடுத்து கட்டிங் டேபிள். சொந்தமாக வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் பக்கத்துக் கம்பெனிகளோடு சேர்ந்தும் போடலாம், கூட்டுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்திப் பழகிய ஊர்தானே. அதற்கடுத்து தண்ணீர்ப் பசையும் ஸ்ப்ரே ரோபோவும், இரண்டும் ஒன்றாக. தனித்தனியாக வாங்கினால் பாதிப் பயன்தான். கூரையில் சோலார், முடிந்தால் காற்றாலையில் பங்கு என்று மின்சாரத்தின் மூலத்தை மாற்றுவதை இவற்றுக்கு இணையாகவே தொடங்கிவிடுங்கள். முழு ரோபோ லைன் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மாடல் எல்லாம் சீசனுக்குச் சீசன் மாறுகிறது.

விற்க வருபவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஒரு ஜோடிக்கு எத்தனை யூனிட், சும்மா நிற்கும்போது மணிக்கு எத்தனை யூனிட், இந்த மெஷின் வந்தால் லைனில் எந்தப் படி நின்றுபோகும். மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் அவர் விற்பது வேகம் மட்டுமே. பையருக்கு அனுப்பும் சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட்டில் அதைச் சேர்க்காதீர்கள்.